வாய்க்குப் பிடித்தது பத்தே பண்டம், சோற்றை எப்படிக் குறைப்பது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 35 வயது, உயரம் 170 செ.மீ., எடை 84 கிலோ. மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 வந்திருக்கிறது. மாத்திரை எதுவும் இல்லை. "அரிசியைக் குறைங்க, மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். இணையத்தில் கிடைத்த கீட்டோ பட்டியலை இரண்டு தடவை தொடங்கி, இரண்டு தடவையும் நான்காம் நாளே கைவிட்டீர்கள். அதிலிருக்கும் கீரை, கத்தரி, வெண்டை, பாகல், மீன், பன்னீர், அவித்த முட்டை எதுவும் உங்களுக்கு இறங்காது. இறங்குவது இட்லி, தோசை, சோறு, காயை ஒதுக்கிவிட்ட சாம்பார், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஆம்லெட், சிக்கன் வறுவல், வேர்க்கடலை, கொஞ்சம் முட்டைக்கோஸ் பொரியல். "என்னைப் போன்றவன் லோ-கார்ப் ஆரம்பிக்கவே முடியாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மாவுச்சத்தை எவ்வளவு குறைத்தால் உங்களுக்குப் போதும் என்பது ஒன்று. ஏற்கெனவே சாப்பிடும் பத்துப் பண்டத்தை வைத்தே அதைச் செய்யலாமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில், செய்யலாம். முதலாவதற்குப் பதில் தெரிந்தால் இரண்டாவது தானாக எளிதாகும்.

எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். இந்த இடத்தில் நிற்பவருக்குக் கீட்டோ கட்டாயமில்லை. ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து என்றாலே அதை லோ-கார்ப் என்று கணக்கில் சேர்க்கிறார்கள். கீட்டோ என்பது 20 முதல் 50 கிராம். நீங்கள் இரண்டு முறை தோற்றது இந்த இரண்டாவதில்தான். நாளுக்கு 30 கிராமில் நிற்க வேண்டுமானால் கீரையும் காய்களும் பன்னீரும் மீனும் இல்லாமல் தட்டு நிரம்பாது. பத்துப் பண்டக்காரருக்கு அது ஒத்துவராத திட்டம். 120 கிராம் என்று வைத்துக்கொண்டால் இட்லியும் இருக்கும், சோறும் இருக்கும், அளவு மட்டும் மாறும்.

இப்போது உங்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம். ஒரு நடுத்தர இட்லியில் சுமார் 11, 12 கிராம் மாவுச்சத்து. நான்கு இட்லிக்கு 46, சாம்பார் சட்னியோடு 54. வீட்டுத் தோசை ஒன்றுக்கு 20 முதல் 25. இரவு மூன்று தோசைக்கு 70. வெந்த சோறு 100 கிராமில் 28 கிராம். மதியம் குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, தயிருக்கு ஒரு முறை என்று மூன்று தடவை போட்டுக்கொண்டால் 400 கிராம் சோறு எளிதாக ஏறிவிடும், அது 112. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ மூன்று வேளை என்றால் சர்க்கரை மட்டும் 30 கிராம், பால் தனி. சாயங்காலம் நாலு பிஸ்கட் 18, உருளை வறுவல் 15. கூட்டினால் 300ஐத் தொடுகிறது. நம் ஊரில் பெரும்பாலோர் நிலை இதுதான்: சராசரி இந்தியர் தன் கலோரியில் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து எடுக்கிறார் என்று ஐசிஎம்ஆர்-இண்டியாப் என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வு காட்டுகிறது. ஆக, புதிதாக எதையும் தின்னக் கற்றுக்கொள்வதற்கு முன்பே 300லிருந்து 120க்கு இறங்கும் பாதையில் பாதித் தூரம் வெறும் கழித்தலில் முடிந்துவிடும். சாப்பாட்டில் தேர்வு அதிகமுள்ளவர், அதாவது பல பண்டங்களைப் பிடிக்காமல் ஒதுக்குபவர், செய்யும் தவறு, முதல் நாளே புதுக் காய்களோடு தொடங்குவது. சோறும் போச்சு, பிடித்ததும் போச்சு, முன்னால் இருப்பது அருவருப்பானது. அந்த நிலையில் நான்கு நாள் தாங்கியதே பெரிது.

கழித்தலிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதல் வாரம் டீயில் சர்க்கரையை மட்டும் தொடுங்கள். ஒரே நாளில் நிறுத்த முடிந்தால் நல்லது. முடியாதென்றால் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை அரை ஸ்பூன் குறையுங்கள். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றுவது கணக்கை மாற்றாது, ஸ்பூனுக்கு ஏறக்குறைய அதே கிராம்தான். பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 30 கிராம்: மாவுச்சத்து 5, புரதம் 7க்கு மேல். இந்த இரண்டு மாற்றத்திலேயே நாற்பது கிராம் போய்விடுகிறது, நாக்குக்கு எந்த அவமானமும் இல்லாமல்.

இரண்டாம் வாரம் மதியச் சோறு. இதற்கு ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். கண்ணளவில் எல்லோரும் குறைத்தே மதிப்பிடுகிறோம். 120 கிராம் வெந்த சோற்றை ஒரே ஒரு முறை நிறுத்து, வீட்டிலிருக்கும் எந்தக் கிண்ணத்தில் அது எந்த மட்டத்துக்கு வருகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் அப்புறம் தராசு வேண்டாம். 120 கிராமில் 34 கிராம் மாவுச்சத்து. அதைக் குழம்புக்குக் கொஞ்சம், தயிருக்குக் கொஞ்சம் என்று இரண்டாகப் பிரியுங்கள், ரசத்தைக் குடித்துவிடுங்கள். தயிர்சாதத்தை விட மனசில்லாதவருக்கு விகிதத்தைத் திருப்பிப் போடுவது நன்றாக வேலை செய்யும்: 60 கிராம் சோற்றைக் கையால் குழைய மசித்து, கெட்டித் தயிர் 200 கிராம், துருவிப் பிழிந்த வெள்ளரி, கடுகு, பெருங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய் தாளிப்பு. சோற்றைக் குழைக்காமல் போட்டால் தயிரும் சோறும் தனித்தனியாக நின்று, ஏமாற்றப்பட்டது நாக்குக்குத் தெரிந்துவிடும். குழைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டால் பழைய தயிர்சாதத்தின் பதமே வரும், மொத்த மாவுச்சத்து 25 கிராம் அளவில் நிற்கும்.

சோறு குறைந்த இடத்தில் புரதம் ஏறாவிட்டால் நாலு மணிக்குப் பசி வரும், அந்தப் பசி பஜ்ஜிக் கடைக்குத்தான் அழைத்துப் போகும். உங்கள் உயரத்துக்கு நாளைக்கு 65 முதல் 70 கிராம் புரதம் நியாயமான இலக்கு. உங்களிடம் ஏற்கெனவே முட்டை, சிக்கன், பருப்பு, தயிர், வேர்க்கடலை இருக்கின்றன. பன்னீரும் மீனும் இல்லாமலே கணக்கு நேராகும். இரண்டு முட்டை ஆம்லெட்டில் 12 கிராம், பச்சையாக 120 கிராம் எடையுள்ள எலும்பில்லாத சிக்கனில் 25 கிராம், கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணத்தில் 6, 7. முட்டையில் உங்களுக்கு ஆம்லெட் மட்டும் ஏன் பிடிக்கிறது, அவித்தது ஏன் குமட்டுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. அதிக நேரம் வெந்த முட்டையில் வெள்ளைக்கரு கந்தக வாயுவை வெளியிடுகிறது. மஞ்சள் கருவிலுள்ள இரும்போடு சேர்ந்துதான் அந்தப் பச்சை வளையமும் நாற்றமும். கொதிக்கும் நீரில் முட்டையை இட்டுப் பத்து நிமிடம் வைத்து, உடனே குளிர்ந்த நீரில் ஐந்து நிமிடம் போட்டால் வளையமும் வராது, நாற்றமும் பெரும்பாலும் இருக்காது. அப்படியும் பிடிக்கவில்லையா, விட்டுவிடுங்கள். ஆம்லெட் போதும். முட்டை தினம் இரண்டு, பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் இல்லை. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு ஏற்கெனவே உயர்ந்திருப்பவர் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யட்டும்.

சிக்கனில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடையில் வாங்கும் சிக்கன் 65இல் மைதா, சோளமாவு, அரிசிமாவு மூன்றும் சேர்ந்து ஒரு தட்டுக்கு 10, 15 கிராம் மாவுச்சத்தைக் கொண்டுவரும். எண்ணெய் கணக்கு தனி. மாவில்லாமல் வீட்டில் செய்தால் மொறுமொறுப்பு வருவதில்லை என்பதுதான் பலர் சொல்லும் குறை. காரணம் மாவு இல்லாதது அல்ல, சட்டியில் கூட்டம். அரைக் கிலோ சிக்கனை ஒரே நேரத்தில் சிறிய வாணலியில் கொட்டினால் அது விடும் தண்ணீரிலேயே வெந்துபோகும், வறுபடாது. இரண்டு செ.மீ. துண்டுகளாக வெட்டி, துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, ஒன்றரை ஸ்பூன் மிளகாய்த்தூள், அரை ஸ்பூன் மஞ்சள், ஒரு பெரிய ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, ஒரு ஸ்பூன் உப்பு, பாதி எலுமிச்சைச் சாறு, ஒரு பெரிய ஸ்பூன் பொட்டுக்கடலைத் தூள் சேர்த்துப் பிசறி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பொட்டுக்கடலை மசாலாவைத் துண்டோடு பிடித்து வைக்கும். அரைக் கிலோவுக்கு மொத்தம் ஆறு கிராம் மாவுச்சத்துதான் அதனால் சேரும். இரும்புக் கல்லை நன்றாகக் காயவைத்து ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெய் விட்டு, பாதிச் சிக்கனை மட்டும் ஒன்றோடொன்று தொடாமல் பரப்புங்கள். மூன்று நிமிடம் கரண்டியே போடாதீர்கள். அடிப்பக்கம் செம்பழுப்பாகிக் கல்லை விட்டுத் தானாகக் கழன்று வரும்போது திருப்பி இன்னொரு மூன்று நான்கு நிமிடம். மிகப் பெரிய துண்டை வெட்டிப் பார்த்து உள்ளே இளஞ்சிவப்பு இல்லையென்றால் இறக்கலாம். மீதியை அடுத்த ஈடாகப் போடுங்கள்.

இரவு மூன்று தோசையின் இடத்துக்குப் பச்சைப்பயறு தோசையைப் பரிந்துரைக்கிறேன். வடிவமும் மொறுமொறுப்பும் தோசையுடையவை என்பதால் தேர்வு அதிகமுள்ளவர்களிடம் இது எளிதாக நுழைகிறது. 200 கிராம் முழுப் பச்சைப்பயறை ஆறு மணி நேரம் ஊறவைத்து, இரண்டு பெரிய ஸ்பூன் பச்சரிசி, இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம், உப்போடு அரையுங்கள், புளிக்கவிட வேண்டாம். மாவு நைஸாக இருந்தால் நடுவில் பிசுபிசுப்பு வரும், ரவைப் பதத்தில் நிறுத்துங்கள். எட்டுத் தோசை வரும். அரிசியையும் சேர்த்து ஒன்றுக்கு 14 கிராம் மாவுச்சத்து, ஆறு கிராம் புரதம், கூடவே நல்ல நார்ச்சத்து. இரண்டு தோசையும் ஒரு ஆம்லெட்டும் போட்டால் இரவு நிறைந்துவிடும். பச்சை வாடை பிடிக்காதவர்கள் தோல் நீக்கிய பாசிப்பருப்பில் செய்யலாம், நார்ச்சத்து மட்டும் குறையும். தொடக்கத்தில் பாதி வழக்கமான தோசைமாவு, பாதி பயறு மாவு என்று கலந்து ஊற்றினாலும் தப்பில்லை.

இப்படிச் செய்தால் ஒரு நாள் எப்படி வரும்? காலை இரண்டு இட்லி, ஒரு முட்டை ஆம்லெட், வேர்க்கடலைச் சட்னி: 28. சர்க்கரையில்லா டீ மூன்று: 7. மதியம் 120 கிராம் சோறு, கெட்டிப் பருப்பு, சிக்கன், முட்டைக்கோஸ், தயிர்: 58. சாயங்காலம் வேர்க்கடலை: 5. இரவு இரண்டு பயறு தோசை, ஒரு முட்டை ஆம்லெட்: 28. கூட்டினால் 126. இதில் புதிதாக வந்தது ஒரே ஒரு பண்டம்.

காய்கறிக்கு இப்போதுதான் வருகிறேன், வேண்டுமென்றேதான் பின்னால் தள்ளினேன். காய் அவசியம்தான், சோறும் இட்லியும் குறையும்போது வயிற்றுக்குப் போகும் மொத்த அளவு குறைந்து மலச்சிக்கல் வரும், நார்ச்சத்து இல்லாமல் மூன்று மாதம் ஓட்ட முடியாது. ஆனால் முதல் பதினைந்து நாளில் காயைக் கட்டாயமாக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இறங்கும் ஒன்றின் அளவைக் கூட்டுங்கள்: உங்களுக்கு அது முட்டைக்கோஸ். ஒரு கரண்டியை ஒரு கிண்ணமாக்குங்கள். கோஸும் காலிஃபிளவரும் நாறுவது வெந்த நேரம் கூடக் கூடத்தான், அவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அப்போதுதான் வெளிவருகின்றன. குக்கரிலோ மூடியிட்டோ வேகவைக்காமல், மெல்லியதாக நறுக்கி, அகலமான வாணலியில் திறந்தபடி ஐந்து நிமிடம் வதக்கினால் இனிப்பும் கடிப்பும் நிற்கும்.

அதற்குப் பிறகு பிடிக்காதவற்றைப் பாருங்கள், எது காரணமாகப் பிடிக்கவில்லை என்று பிரித்து. பதம், மணம், கசப்பு என மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். உங்கள் பட்டியலில் வெண்டையும் கத்தரியும் கொழகொழப்புக் கேஸ், மீன் நாற்றக் கேஸ், பாகல் கசப்புக் கேஸ். கசப்பைச் சிலர் பிறவியிலேயே மற்றவர்களைவிடக் கூடுதலாக உணர்கிறார்கள். டிஏஎஸ்2ஆர்38 என்ற மரபணுவின் வேறுபாட்டால் சிலவகைக் கசப்புகள் ஒருவருக்குத் தெரியாமலும் இன்னொருவருக்குத் தாங்க முடியாமலும் போகும். ஆகவே பாகற்காயை மறந்துவிடுங்கள். சர்க்கரைக்குப் பாகல்தான் மருந்து என்று யாராவது நச்சரித்தால், அதைச் சாப்பிடாவிட்டால் எதுவும் குடிமுழுகிப் போகாது என்று சொல்லிவிடுங்கள். அதற்கான ஆதாரம் பலவீனமானது.

பதம் சார்ந்த வெறுப்பைச் சமையல் பெரும்பாலும் தீர்க்கும். வெண்டையின் கொழகொழப்பு தண்ணீர் பட்டால் பெருகும் பசை. முழுக்காயாகக் கழுவி, துணியில் துடைத்து, ஒரு மணி நேரம் காற்றாட வைத்து, அதன் பிறகே மெல்லிய வட்டமாக வெட்டுங்கள். அகலச் சட்டி, மூடி கிடையாது, நடுத்தரத்துக்கு மேல் தீ, உப்பு கடைசியில். முதலிலேயே உப்புப் போட்டால் காய் தண்ணீர் விட்டுப் பசை எழும். பதினைந்து நிமிடத்தில் நூல் அறுந்து ஓரம் கருகத் தொடங்கும்போது எடுத்தால் கொழகொழப்பின் சுவடே இருக்காது. உருளை வறுவல் பிரியருக்கு இதைவிடவும் ஏற்றது கோவைக்காய். கால் கிலோவை ஒரு ரூபாய் நாணயக் கனத்தில் வட்டமாக நறுக்கி, இரண்டு பெரிய ஸ்பூன் எண்ணெயில் இருபது நிமிடம் பொறுமையாக வறுத்து, கடைசியில் மிளகாய்த்தூள் போட்டால் உருளை வறுவலின் அண்ணன் தம்பி போல வரும். வாழைக்காயும் சேனையும் காய்கறிக் கடையில் விற்றாலும் மாவுச்சத்துக் கணக்கில் உருளைக்கிழங்கோடு சேர்ந்தவை, அதை மறக்க வேண்டாம். உருளையே கூட 60 கிராம் வரை போட்டுக்கொள்ளலாம், அது பத்துக் கிராம். அன்று சோற்றில் ஒரு கை குறையும், அவ்வளவுதான்.

சாம்பாரில் காயை ஒதுக்கும் பழக்கத்துக்கு ஒரு வழி: சுரைக்காய் 150 கிராமைத் தோல் சீவித் துவரம்பருப்போடு சேர்த்துக் குக்கரில் வேகவைத்து, மத்தால் கடைந்துவிடுங்கள். சாம்பார் கெட்டியாகும், காய் தனியாகத் தெரியாது. சுரைக்காயை வெட்டியதும் ஒரு சின்னத் துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். கசக்கும் சுரைக்காயில் நச்சு இருக்கும், கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். கீரைக்கும் இதே கடைசல் உத்திதான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுக் காய், ஒரு ஸ்பூன் அளவு, பசியோடு இருக்கும்போது, பிடித்த பண்டத்தின் பக்கத்தில். குழந்தைகளுக்கு ஒரு உணவு பழக எட்டு முதல் பதினைந்து தடவை சுவைக்க வேண்டியிருக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பெரியவர்களுக்கு அத்தனை உறுதியான ஆதாரம் இல்லையென்றாலும் முறை அதேதான். துப்பிவிட்டாலும் அது ஒரு தடவையாகக் கணக்காகும்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி எண்ணிக்கைக் கணக்கு, அதில் சந்தேகம் குறைவு. இனி வருவது அப்படியல்ல. லோ-கார்ப் மற்ற முறைகளைவிட உயர்ந்ததா என்றால், முதல் ஆறு மாதம் சர்க்கரையும் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் நன்றாகக் குறைகின்றன. ஓராண்டு கடந்தால் வேறுபாடு மங்குகிறது. 2018இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில் 609 பேரைக் குறைந்த கொழுப்பு, குறைந்த மாவுச்சத்து என இரண்டாகப் பிரித்து 12 மாதம் பின்தொடர்ந்தார்கள். முதல் குழு சராசரியாக 5.3 கிலோ, இரண்டாவது 6 கிலோ குறைந்தது. புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. சர்க்கரை நோயைத் தள்ளிப்போடுவதில் மிக உறுதியான சான்று எடைக்குறைப்பும் நடையும் சேர்ந்ததற்குத்தான். அமெரிக்காவில் 2002இல் வந்த பெரிய ஆய்வில் 7 சதவீத எடைக்குறைப்பையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காக வைத்த குழுவில் சர்க்கரை நோய் 58 சதவீதம் குறைந்தது, அங்கே உணவு லோ-கார்ப் கூட அல்ல. 2006இல் சென்னையிலிருந்து வெளியான இந்திய ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றம் மட்டுமே 28.5 சதவீதம் குறைத்தது. ஐசிஎம்ஆர்-இண்டியாப் குழு 2022இல் செய்த கணிப்பில், உங்கள் நிலையில் இருப்பவர் சீரான சர்க்கரைக்குத் திரும்ப மாவுச்சத்து மொத்தக் கலோரியில் 50 முதல் 56 சதவீதமும் புரதம் 18 முதல் 20 சதவீதமும் இருந்தால் போதும் என்று வந்தது. அது கணினி மாதிரிக் கணிப்பு, நேரடிச் சோதனை அல்ல. ஆனாலும் கீட்டோ தேவையில்லை என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். 120 தான் ஓடும், 150 ஓடாது என்றில்லை. 150இல் நிற்க முடிந்தால் அதுவே உங்கள் அளவு.

சிறுதானியத்தைப் பற்றி நிச்சயம் யாராவது கீழே எழுதுவார்கள். தினை, வரகு, சாமை சமைக்காத நிலையில் 100 கிராமுக்கு 60 முதல் 66 கிராம் மாவுச்சத்து, அரிசி 78. நார்ச்சத்து கூடுதல், அது நல்லதுதான், ஆனால் அளவில்லாமல் சாப்பிடும் உரிமை தருவதில்லை. மூன்று சப்பாத்தி 60 கிராம், அதாவது 200 கிராம் சோற்றுக்குச் சமம். 'சோத்தை நிறுத்திட்டேன், ராத்திரி சப்பாத்திதான்' என்பவர்கள் சர்க்கரை இறங்கவில்லையே என்று குழம்புவது இங்கேதான். ஆறவைத்த சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடுவது உண்மை, பலன் சிறியது. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் உணவுக்குப் பின் வரும் சர்க்கரை ஏற்றம் குறைகிறது என்று சின்ன ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவில்லாத பழக்கம், செய்து பாருங்கள். டீயில் செயற்கை இனிப்பு மாத்திரை தற்காலிகப் பாலமாக இருக்கலாம். எடைக் குறைப்புக்கு அவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லியிருக்கிறது.

முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ இறங்கினால் துள்ள வேண்டாம். ஈரலிலும் தசையிலும் சேமித்த கிளைக்கோஜன் என்ற சர்க்கரை இருப்பு கரையும்போது அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் போகிறது. அதே காரணத்தால் உப்பும் சேர்ந்து வெளியேறும். மூன்றாம் நான்காம் நாளில் தலைவலி, சோர்வு, கெண்டைக்கால் பிடிப்பு வருவது இதனால்தான். உங்கள் கீட்டோ முயற்சி இரண்டும் நான்காம் நாள் நின்றதற்கு வெறும் நாக்கு மட்டும் காரணமில்லை என்பது என் ஊகம். உப்புப் போட்ட மோர் இரண்டு தம்ளர், ரசம் ஒரு தம்ளர் பெரும்பாலும் போதும். ரத்த அழுத்தம் உள்ளவர் இந்த உப்பைத் தாமாகக் கூட்டக் கூடாது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: மாவுச்சத்து இல்லையே என்று வேர்க்கடலையைக் கால் கிலோ கொறிப்பது. அது 1,300 கலோரி. எடை இறங்காமல் நிற்கிறது என்று சொல்பவர்களிடம் கேட்டால் வேர்க்கடலை, தேங்காய், நெய் மூன்றில் ஒன்றுதான் அளவு மீறியிருக்கும்.

வெளியே சாப்பிட நேர்ந்தால் இரட்டை ஆம்லெட்டும் பெப்பர் சிக்கனும் ஒரே ஒரு தோசையும். கல்யாணப் பந்தியில் சோறு இரண்டாம் தடவை வரும்போது இலையை மறித்துக் கை காட்டத் தெரிந்தால் போதும். அன்று பாயசம் குடித்ததற்காக மறுநாள் பட்டினி கிடக்க வேண்டாம். வீட்டில் உங்களுக்கென்று தனிச் சமையல் கேட்காதீர்கள், இரண்டே வாரத்தில் சமைப்பவர் சலித்துப்போவார். அதே சாம்பார், அதே பொரியல், கரண்டிக் கணக்கு மட்டும் வேறு.

இதே பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதில் சலுகை கிடையாது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போகும். மருந்தளவை டாக்டர் முதலில் மாற்றியாக வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை எடுப்பவர் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் ரத்தச் சர்க்கரை அதிகம் காட்டாமலே கீட்டோ அமிலநிலை, அதாவது ரத்தம் ஆபத்தான அளவுக்கு அமிலமாவது, வரலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் அது அவசரம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் இந்தக் கணக்கை அப்படியே எடுக்கக் கூடாது. இன்னொன்று: தேர்வு என்பதைத் தாண்டி, சில உணவைப் பார்த்தாலே ஓங்கரிப்பு, தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயம், பட்டியல் வருடத்துக்கு வருடம் சுருங்குவது, எடை தானாகக் குறைவது என்றிருந்தால் அது அடம் அல்ல. உணவைத் தவிர்க்கும் கோளாறு என்று மனநல மருத்துவம் 2013 முதல் அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறது. அவர்கள் லோ-கார்ப் பக்கம் போகும் முன் மருத்துவரையும் டயட்டீஷியனையும் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியதில் அந்த அறிகுறிகள் இல்லை, ஆனால் எழுத்தைப் பார்த்து இதை யாரும் தீர்மானமாகச் சொல்ல முடியாது.

தொடங்கும் முன் ரத்தக் கொழுப்புக்கான லிப்பிட் பரிசோதனை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், ஈரல் பரிசோதனை எடுத்து வையுங்கள். சிலருக்கு உணவில் கொழுப்பு கூடும்போது எல்டிஎல் கணிசமாக ஏறுகிறது, தொடக்க அளவு கையில் இல்லாவிட்டால் அது தெரியாமலே போகும். தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து எழுதுங்கள். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. உங்களுக்கு எடையில் முதல் இலக்கு 4 முதல் 6 கிலோ. குளூக்கோமீட்டர் இருந்தால் வாரம் இரண்டு நாள், மதியச் சாப்பாட்டின் முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 140க்குக் கீழே இருந்தால் அந்தச் சோற்று அளவு உங்களுக்கு ஒத்துப்போகிறது, 160, 170 என்று தொடர்ந்து காட்டினால் சோற்றில் 30 கிராம் குறைத்து மறுபடி பாருங்கள். எச்பிஏ1சியை ஒரு மாதத்தில் பார்த்துப் பணத்தை வீணாக்க வேண்டாம். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், மாற்றம் முழுசாகத் தெரிய மூன்று மாதமாகும். அன்று டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட்டோடு நீங்கள் மூன்று நாள் சாப்பிட்டதைக் கிராமோடு எழுதிய தாளையும் கொண்டு போங்கள். "குறைச்சிட்டேன் சார்" என்பதைவிட அது அவருக்குப் பயன்படும்.